கையில் கட்டிப் பார்த்து வாங்கியது

ஒரகடம் கூட்டுரோட்டில் விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ்கள் வந்து வரிசை கட்டும். அந்த நேரத்தில் லூர்து மேரியின் தள்ளுவண்டியைச் சுற்றி நிற்கிறவர்களிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிட்டால் போதும், வடகறி ஆறிப்போகும்வரை விடமாட்டார்கள். அன்றைக்கு லூர்து மேரிதான் கேட்டாள். இட்லித் தட்டிலிருந்து ஈரத் துணியை உரித்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் பொதுவாக.

“ப்ரஷர் பாக்குற வாட்ச்சு ஒண்ணு வாங்கணும். கடையில வாங்கறதா, போன்ல வாங்கறதா? சொல்லுங்கபா.”

தின்றுகொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

“போன்லயே போடுக்கா. கடையில ஏசி போட்டுகிறான் இல்ல, அந்தக் கரண்டு பில்லையும் உன் தலையிலதான் கட்டுவான்.”

“அடப் போடா. போன்ல போட்டு என் மச்சானுக்கு இன்னா வந்துச்சு தெரியுமா? டப்பாவைத் தொறந்தா துணி சோப்பு. அதுவும் பாதி தேஞ்சது.”

“உன் மச்சான் அத்த வச்சு இன்னா பண்ணான்?”

“இன்னா பண்ணுவான், தொவச்சான்.”

“கடையில கையில கட்டிப் பாக்கலாம், அதான் பாயிண்டு. செருப்பக்கூட போட்டுப் பாக்காம நீ வாங்குவியா?”

“கடையில அந்தப் பொண்ணுங்க சிரிச்சு சிரிச்சே ஸ்ட்ராப்பு, கண்ணாடின்னு எல்லாத்தையும் சேத்து வித்துடுவாங்க. நான் சார்ஜர் வாங்கப் போயி டிவியோட வந்தவன்.”

“பில்லு குடுப்பான் இல்ல? கெட்டுப்போச்சுன்னா எட்த்துனு போயி மூஞ்சியில வீசலாம். போன்ல வாங்கினா எவன் மூஞ்சியில வீசுவே?”

லூர்து மேரிக்கு இந்த மூஞ்சி விஷயம் பிடித்துப்போயிற்று. வாங்குகிற பொருளுக்குப் பின்னால் ஒரு மூஞ்சி இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அவள் இட்லிக்குப் பின்னால் அவள் மூஞ்சி இருக்கிறது. உப்பு கூடினால் திட்ட ஆள் இருக்கிறது.

நானும் அந்தக் கும்பலில் ஒருவன்தான். பெயர் சுடலைக்கண்ணு, திருநெல்வேலிப் பக்கம். கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறேன். சேரப்பணஞ்சேரியில் லூர்து மேரி வீட்டு மாடியில் ஒற்றை அறை எனக்கு வாடகை. என் கையிலும் ஒரு வாட்ச் உண்டு, போனில் வாங்கியது. வடக்குப்பட்டு ரோட்டுப் பள்ளங்களில் பஸ் குலுங்குவதையெல்லாம் நான் நடந்ததாக எடுத்துக்கொண்டு சாயங்காலமானால் ‘இன்றைய இலக்கை அடைந்துவிட்டீர்கள்’ என்று பட்டாசு வெடித்துக் காட்டும். உட்கார்ந்தே ஓட்டித் தொந்தி வளர்த்த ஒருவனை உலகத்தில் வேறு யாரும் பாராட்டியதில்லை. அதனால் கழற்ற மனம் வரவில்லை.

வாட்ச் லூர்து மேரிக்கு இல்லை, அவள் புருஷன் இருதயசாமிக்கு.

இருதயசாமி ஒரகடத்தில் ஒரு பெரிய குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். காண்ட்ராக்ட் வேலை. பல வருஷம் அதே குடோனில் தலையில் பெட்டி சுமந்தவர். கழுத்து உடம்புக்குள் ஒரு விரல்கடை இறங்கின பிறகுதான் ஒரு புண்ணியவான் அவரை வண்டியில் ஏற்றி ஓட்டப் பழக்கினான். அன்றிலிருந்து அவர் ‘ஆப்ரேட்டர்’. கல்யாணப் பத்திரிகைகளிலும் கோயில் திருவிழா நோட்டீசிலும் பெயருக்குப் பக்கத்தில் அப்படியே போடச் சொல்வார். ஆறடி உயரத்துக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகளை இரண்டு இரும்பு நாக்குகளில் ஏந்திக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி பின்பக்கமாக ஓட்டிவருவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. நான் ஐம்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு அதைவிட மோசமாக ஓட்டுகிறேன்.

வீடு வீடாக வந்து மாத்திரை தருகிற நர்ஸ் மதிவதனிதான் அவருக்கு ப்ரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தவள். மாத்திரையைத் தந்துவிட்டு, வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வைத்து அடிக்கடி பார்க்கச் சொன்னாள். இருதயசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

“அந்தப் பட்டையக் கையில சுத்திகினு உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்தடிச்சா தெருவுக்கே கேக்கும். ரெண்டு வூடு தள்ளி எங்க சூப்பர்வைசர் கீறாரு. தெரிஞ்சா அன்னிக்கே வண்டியவுட்டு எறக்கிடுவாங்க. திரும்பத் தலையில பொட்டி தூக்கச் சொல்லுவான். இந்த வயசுல எனுக்குத் தூக்க முடியுமாபா?”

அது உண்மைதான். ப்ரஷர்காரனை ஃபோர்க்லிஃப்ட்டில் வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் கேம்ப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கேம்ப் அடுத்த மாதம் இருந்தது.

மகள் சில்வியா செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். வாட்ச் அவள் யோசனை. “மெஷின் வாணாம்னா வாட்ச் கட்டிக்கப்பா. பாக்கறவங்களுக்கு ஸ்டைலு, உனுக்கு ப்ரஷர். ஏறிச்சுன்னா தெரியும், ஓடிப்போயி டாக்டரைப் பாக்கலாம்.” போனஸ் வந்ததும் அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஷிப்ட். அதனால் கடைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். வாட்ச் கட்டியவன் என்கிற தகுதியில் நான் நிபுணராக அழைத்துச் செல்லப்பட்டேன்.

படப்பையில் மெயின் ரோட்டிலேயே புது ஷோரூம். வாசலில் ஆளுயரக் காற்றுப் பொம்மை ஒன்று எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்த நேரம். இருதயசாமி சேற்றுச் செருப்பை வெளியே கழற்றப் போனார். செக்யூரிட்டி பதறி, “போட்டுகினே போ சார்” என்றான். உள்ளே கோயிலுக்குள் நடப்பதுபோல நடந்தார்.

நீல டீ-ஷர்ட் போட்ட பெண் வந்தாள். சட்டையில் ஷாலின் என்று எழுதியிருந்தது.

“வாங்க சார். என்ன ரேஞ்சுல பாக்கறீங்க?”

“ரேஞ்சு அப்பாலிக்காப் பேசலாம்மா. ப்ரஷர் பாக்கணும். கரெக்ட்டா பாக்கணும்.”

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கறுப்பாக, கனமாக ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டாள். “கைய ஆட்டாம வைங்க சார். பேசாதீங்க.” இருதயசாமி பேச்சோடு மூச்சையும் நிறுத்திக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் தலை இடிக்கக் குனிந்து பார்த்தோம். பச்சை வெளிச்சம் மினுக்கிற்று. நூற்று அறுபத்து நான்கு, நூற்றிரண்டு.

“கழட்டும்மா.”

“இன்னொருவாட்டி பாக்கலாமா சார்?”

“வாணாம். இது ரிப்பேரு பீஸு.”

“நல்ல மாடல் சார் இது. நெறைய பேரு வாங்கறாங்க.”

“நெறைய பேருக்கு நல்லாருக்கும்மா. எனுக்கு ஒத்துக்கல.”

இரண்டாவது வாட்ச். நூற்று நாற்பத்தொன்பது, தொண்ணூற்றைந்து. இருதயசாமி மூஞ்சி கொஞ்சம் இளகிற்று.

“இது தேவல. இன்னும் கொஞ்சம் கொறச்சு இருந்தா பாரு.”

“விலையா சார்?”

“விலை இல்லம்மா. ப்ரஷரு.”

ஷாலின் சிரிக்கப் பார்த்து, அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது வாட்ச் கண்ணாடிப் பெட்டியில் இல்லை. பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆஃபர் என்று அட்டை வைத்துக் குவித்திருந்ததில் கிடந்தது. இருதயசாமி தானே எடுத்துக் கட்டிக்கொண்டார். நூற்று இருபத்தொன்று, எழுபத்தொன்பது.

லூர்து மேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

“பாத்தியா! நான் சொல்லல? எனுக்கு ஒண்ணியும் இல்லன்னு சொன்னனா இல்லியா? எங்க, நீ கட்டு மேரி.”

லூர்து மேரி கட்டினாள். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. பிறகு என் கையில் கட்டினார்கள். நூற்று இருபது, எழுபத்தெட்டு.

“மூணு பேருக்கும் நல்லதாவே காட்டுது. ராசியான வாட்ச்சுங்க இது” என்றாள் லூர்து மேரி.

“அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன்” என்றேன். “எல்லாருக்கும் ஒண்ணுபோலல்லா காட்டுது.”

“டின்னவேலி, உனுக்கு ப்ரஷர் கீதா?”

“எனக்கு இல்ல.”

“மேரிக்கு?”

“மதினிக்கும் இல்ல.”

“அப்ப கரெக்ட்டாத்தானே காட்டுது?”

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள். நான் கடைசி ஆயுதமாக என் கையை நீட்டினேன். “இந்தா, என் வாட்ச்சு பஸ் ஓட்டுனா நடந்தேங்கு. இந்த மெஷினையெல்லாம் நம்பிக்கிட்டு…”

“உன்து போன்ல வாங்கினது. அதான் அப்பிடி.”

ஷாலின் மெதுவாகச் சொன்னாள். “சார், இதுல ப்ரஷர் சும்மா ஒரு ஐடியாவுக்குத்தான். டாக்டர் மெஷின் மாதிரி…”

பில் போடுகிற இடத்தில் மேனேஜர் தொண்டையைச் செருமினார். பெரிய செருமல்கூட இல்லை. அவள் வாட்சை வாங்கிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். “டிசைன் நல்லாருக்கும் சார் உங்க கைக்கு” என்றாள்.

மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். நல்ல நம்பரும் அதில்தான் வந்தது. இரண்டும் ஒரே பொருளில் அமைகிற அதிர்ஷ்டம் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை வாய்த்ததில்லை. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் இருதயசாமி கையைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே கடையிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. இருதயசாமி ஐந்தையும் கொடுத்தார். அபிப்பிராயம் எழுதுகிற இடத்தில் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, தூயதமிழ் என்று தான் நினைத்த ஒன்றில், பங்குச் சாமியார் பிரசங்கம் செய்வதுபோலச் சொன்னார். போன் அதை எழுத்தாக்கிக்கொண்டது: ‘நல்ல வாட்ச். கடைக்குப் போய் கையில் கட்டிப் பார்த்து வாங்கவும். எனக்கு ப்ரஷர் இல்லை.’

மாத்திரை அதோடு நின்றது. சில்வியா நைட் ஷிப்ட் முடிந்து கண் எரிய வந்தவள், பிரிக்காத அட்டையைப் பார்த்துச் சண்டை போட்டாள்.

“மாத்திரையும் போட்டுகினு பாக்கறதுக்குத்தான்ப்பா வாட்ச் வாங்கச் சொன்னேன். மாத்திரைக்குப் பதிலா வாங்கச் சொல்லல.”

“ஜுரம் வுட்டப்புறம் எவனாவது ஜுர மாத்திரை போடுவானா?”

“இது ஜுரம் இல்லப்பா.”

“அத்தப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுமா. பாத்ரூமு அந்தாண்டக் கோடியில கீது. நான் எறங்கினா லாரி நிக்கும், லாரி நின்னா கத்துவான். தலை வேற சுத்துது. சுத்துற தலையோட வண்டி ஓட்டி எவன் காலுலயாவது ஏத்தச் சொல்றியா?”

அவளும் லைனில் நிற்கிறவள்தான். பாத்ரூமுக்குப் போக ஆள் மாற்றிவிடக் கேட்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். லூர்து மேரி நடுவில் புகுந்தாள். “வுடுறி. வாட்ச்சு தெனமும் காட்டிகினுதானே கீது. ஏறினா போட்டுக்கறாரு.”

வாட்சில் ஏறவே இல்லை. குடோனுக்குள் அதைக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு வேளையில் இருதயசாமி லாக்கருக்குப் போய் அதைக் கட்டிக்கொண்டு, பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு வருவார். பக்கத்து லாக்கர்காரர்கள் ஜெபமாலை எடுப்பதாக நினைத்தார்களாம்.

கேம்ப்பும் வந்தது. அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அவரே சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கேம்ப்புக்கு வந்த பெண் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை பார்த்தாளாம். இரண்டு தடவையும் எகிறியதாம்.

“நான் இன்னா பண்ணேன், ஒரே ஓட்டமா ஓடி லாக்கர்ல இருந்து வாட்ச்ச எடுத்தாந்து கட்டிக் காட்டினேன். நூத்தி இருவத்திரண்டு. சூப்பர்வைசர் பாக்குறாரு. எது கரெக்ட்டுன்றாரு. இது ஷோரூம்ல வாங்கினது சார், பில்லு கீதுன்னேன். வெளிய நாலு ட்ரெய்லர் ஹாரன் அடிச்சுகினு நிக்குது. அவரு ட்ரெய்லரப் பாத்தாரு, வாட்ச்சப் பாத்தாரு. ‘வாட்ச்ல கீறதையே போட்டுக்கம்மா, லோடு நிக்குது’ன்னுட்டாரு!”

தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொல்கிற அழகில் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

ஐப்பசி கடைசியில் மழை விடாமல் பிடித்தது. மணிமங்கலம் ஏரி தளும்புகிறது என்று போகிறவன் வருகிறவனெல்லாம் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருதயசாமியும் லூர்து மேரியும் பூசைக்குப் போய், வரும் வழியில் மாட்டுக்கறி வாங்கி வந்தார்கள். சில்வியாவுக்கு ஓவர்டைம். எனக்கும் டிரிப். மிளகும் தேங்காய்ப் பல்லும் போட்டு லூர்து மேரி கறி கொதிக்கவிட்டிருந்தாள். படி இறங்கும்போது அந்த வாசனை பஸ் வரை என்னோடு வந்தது.

மத்தியானம் நடந்ததை லூர்து மேரி பிறகு பல தடவை, பல பேரிடம் சொன்னாள். ஒரு சொல் மாறாது. சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது வாய் எடுக்கும்போது சோறு விரலுக்கிடையில் விழுந்தது. சிரித்தார். திரும்ப எடுத்தார், திரும்ப விழுந்தது. “கை மரத்துப்போச்சு” என்றார். அதைச் சொல்லும்போது நாக்கு தடித்த மாதிரி இருந்தது. லூர்து மேரி பயந்து அவர் இடது கையைப் பிடித்து வாட்சைப் பார்த்தாள். நூற்று இருபது, எண்பது. தண்ணீர் குடிக்க வைத்துத் திரும்பப் பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது. கேஸ்தான் என்று முடிவு செய்தாள். சோடாவில் உப்புப் போட்டுக் கொடுத்தாள், பாதி சட்டையில் வழிந்தது. ஓமம் கொதிக்க வைத்தாள். தைலம் தேய்த்துப் படுக்க வைத்தாள். அவர் தூங்கினார். தூங்குகிறவர் கையைத் தூக்கி இடையிடையே பார்த்தாள். பார்த்தபோதெல்லாம் நன்றாகவே இருந்தது. சில்வியாவைக் கூப்பிட்டாள். அவள் போன், கம்பெனி லாக்கருக்குள் மணியடித்துக்கொண்டிருந்தது.

நான் வரும்போது விளக்கு வைக்கிற நேரம். வாசலிலேயே, “கேஸ் புடிச்சுகிச்சுப்பா அவருக்கு, பட்த்துனுகிறாரு” என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரோரம் தலையணையில் சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

“என்ன அண்ணாச்சி, என்னைப் பாத்ததும் பாதிச் சிரிப்போட நிறுத்திட்டீரு?” என்றேன்.

அப்போதுதான் அந்தப் பாதி என்ன பாதி என்று தெரிந்தது. எனக்கு முன்னால் ஓடுவது எப்போதும் என் வாய்தான். புத்தி பின்னால் கண்டக்டர் மாதிரி தொங்கிக்கொண்டு வரும்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எப்ப ஆரம்பிச்சது?”

“மத்தியானம் சாப்புட சொல்லோ” என்றாள் லூர்து மேரி.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்பவே ஏம்மா கூட்டிட்டு வரல? ரத்தக் கட்டியக் கரைக்கறதுக்கு ஒரு ஊசி இருக்கு. மொதல் சில மணி நேரத்துக்குள்ளதான் போடமுடியும். இப்ப போட்டா ஆபத்து.”

லூர்து மேரி ஸ்ட்ரெச்சரில் கிடந்த இடது கையை எடுத்து, டாக்டர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“இதுல நல்லாத்தான் கீது டாக்டர். பாருங்க. இப்பகூட நல்லாத்தான் கீது.”

நூற்று இருபத்தொன்று என்றுதான் இருந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி மெஷின் இருநூற்றுச் சொச்சம் காட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார்.

“இது ப்ரஷர் பாக்காதும்மா” என்றார். “சும்மா ஒரு நம்பர் காட்டும்.”

“கடையில வாங்கினோம் டாக்டர். கட்டிப் பாத்துதான் வாங்கினோம்.”

சில்வியா யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். அப்பாவின் வலது கையைத் தூக்கினாள். விட்டதும் விழுந்தது. திரும்பத் தூக்கினாள்.

உயிர் தங்கிவிட்டது. பேச்சும் வலது பக்கமும் தங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சில்வியா வாட்சை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். துணைக்கு நான். மூஞ்சியில் வீசுவதற்குத்தான் போனோம். ஷாலின் எங்களைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அலமாரிப் பக்கமாகத் திரும்பி நின்றாள். மேனேஜர் டப்பாவின் அடிப்பக்கத்தைக் காட்டினார். மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்று எறும்பு முட்டை அளவில் எழுதியிருந்தது.

“இந்த எழுத்தைப் படிக்கறதுக்கு ஒரு மெஷின் தனியா விப்பீங்களா சார்?” என்றாள் சில்வியா.

“மேடம், கஸ்டமரே மூணு பீஸ் கட்டிப் பாத்து அவரே செலக்ட் பண்ணாரு. நாங்க அத எடுங்கன்னு சொல்லல.”

“வாணாம்னும் சொல்லல.”

“நான் சொல்ல வந்தேன்க்கா” என்றாள் ஷாலின், திரும்பாமலே.

வேறு வாட்ச் மாற்றித் தருவதாக மேனேஜர் சொன்னார். இல்லையென்றால் ஸ்ட்ராப் ஒன்று இலவசமாக. அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தர அவரிடம் இருந்தது அதுதான். வீசுவதற்கு மூஞ்சி எதிரிலேயே இருந்தும் சில்வியா வீசவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். காற்றுப் பொம்மை நனைந்து மடங்கித் தரையில் கிடந்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போனில் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினாள். அப்பாவின் அபிப்பிராயம் ஐந்து நட்சத்திரத்தோடு மேலேயே இருந்தது. எனக்கு ப்ரஷர் இல்லை. பதினொரு பேருக்கு அது பயனுள்ளதாக இருந்ததாம்.

“அத்த எடுத்துடணும்ண்ணே.”

எடுப்பதற்கு அப்பாவின் போன் திறக்க வேண்டும். அது அவர் வலது கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். வீட்டுக்கு வந்து சில்வியா அந்தச் செத்த விரலை எடுத்துப் போனில் அழுத்தினாள். திறந்தது. அபிப்பிராயத்தை அவருக்குப் படித்துக் காட்டி, “அழிச்சுடறேன்ப்பா” என்றாள். இருதயசாமி கேட்டுக்கொண்டே இருந்தவர், தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினார். வேண்டாம். இடது கையால் போனைப் பிடுங்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சில்வியா பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது.

குடோனில் வேறு ஒரு ஆள் அவர் வண்டியை ஓட்டுகிறான். சூப்பர்வைசர் ஒரு தடவை ரொட்டியும் ஹார்லிக்சும் வாங்கி வந்து, உட்காராமலே பார்த்துவிட்டுப் போனார். தள்ளுவண்டி வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கூட்டுரோட்டில் எங்கள் ஆட்கள் இப்போது வேறு ஒருத்தியிடம் இட்லி தின்கிறார்கள். இருதயசாமிக்கு என்ன ஆயிற்று என்று ஒருவன் கேட்டான், சொன்னேன். “இதுக்குத்தான் நான் அன்னிக்கே போன்ல வாங்கச் சொன்னேன்” என்றான் இன்னொருவன்.

போன வாரம் எனக்கு லீவு. காலையில் கீழே போனேன். மதிவதனி தன் பொறுப்பில் ஒரு மெஷின் கொடுத்து, பார்க்கக் கற்றுக்கொடுத்து, மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். லூர்து மேரி அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, இடது கையில் பட்டையைச் சுற்றினாள். ஜன்னல் கதவைச் சாத்தவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது. மெஷின் உறுமிக் காற்றேற்றியது. இருதயசாமி மெஷினைப் பார்க்கவில்லை. அவள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையன்போல.

நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். நூற்று அறுபத்தெட்டு, நூறு.

“நூத்தி இருவது” என்றாள் லூர்து மேரி. “எம்பது. சூப்பரா கீது.”

அவர் மூஞ்சியின் உயிருள்ள பாதி மலர்ந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாள் முன்னால் நிஜத்தைச் சொல்லி, அன்றைக்கு முழுக்க அவர் அழுது, ப்ரஷர் இன்னும் ஏறிப்போனது எனக்கும் தெரியும். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்து அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். இருதயசாமி வாயை மூடிக்கொண்டார்.

“போட்டுக்குங்க.”

தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி மெஷினைக் காட்டினார், மாத்திரையைக் காட்டினார், கையை விரித்தார். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு?

“நர்ஸம்மா திட்டுவாங்க. போட்டுக்குங்க.”

உதட்டை இன்னும் இறுக்கினார். இறுக்க முடிந்த பக்கத்தை.

“அண்ணாச்சி, வாயத் திறங்க” என்றேன். “எனக்காவ.” என்னைப் பார்த்துப் பாதியாகச் சிரித்தார். ஜெயித்துவிட்ட ஆளின் சிரிப்பு.

லூர்து மேரி மாத்திரையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். வெளியே ஒரு ட்ரெய்லர் பின்வாங்குகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு மெஷினைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“பாரு. நல்லாப் பாரு. நூத்தி அறுவத்தெட்டு. நூறு. எறங்கல. நான் பொய் சொன்னேன்.”

அவர் பார்த்தார். படித்தார். அவளைப் பார்த்தார். மூஞ்சியின் ஒரு பக்கம் மட்டும் கோணிக்கொண்டு போயிற்று. தொண்டைக்குள்ளிருந்து வார்த்தையில்லாமல் ஒரு சத்தம் கிளம்பி, அழுவதற்காக வாய் திறந்தது.

அவள் மாத்திரையை உள்ளே போட்டாள். தண்ணீர் டம்ளரை உதட்டில் வைத்து, மோவாயைப் பிடித்துக்கொண்டாள்.

“முழுங்கு” என்றாள். “மொதல்ல முழுங்கு. அப்பறமா அழு.”